கிழிச்சா வர்ற லேபிள்

எங்க பொட்டிக்குள்ள மூணு விளக்குங்க.
பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், ஊட்டு பல்பு.
ஒரே துணி மூணுக்கும் மூணு மொகம் காட்டும்.
பெருமாநல்லூர் ரோட்டுல எனக்குச் சம்பளம்
நெறத்துக்குச் சாட்சி சொல்றதுக்கு.

மே மாசம் மார்லீன் வந்தாங்க, பையர் தரப்புல.
சஸ்காச்சுவான்.
ரெண்டு தடவ சொல்லச் சொல்லி
பில் புத்தகத்துக்குப் பொறத்தால எழுதிக்கிட்டேன்.

கரண்ட் போச்சு.
ஜெனரேட்டர்க்காரர் டீசலுக்குப் போயிருந்தார்.
அந்த இருட்டுலதான் அவங்க பேச ஆரம்பிச்சாங்க.

"எங்கூருப் பேப்பருக்கு இருபத்தாறு வருசம் நாந்தான் நிருபர்.
ஆரு களஞ்சியம் எரிஞ்சுது,
ஸ்கூல் பஸ்ஸுக்கு டயர் மாத்த ஏன் காசில்ல,
எல்லாம் எழுதுனேன்.
எம்.பி. என்னையக் கண்டா
ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருவாரு.
எவனோ வாங்குனான். பொறகு மூடுனான்.
இப்ப அந்தக் கட்டடத்துல நாய்க்கு முடி வெட்டறாங்க.

செய்தி இப்ப
மூணு நாள் கார் ஓட்டற தூரத்துல இருந்து வருது.
எங்க மனசுல என்ன இருக்குன்னு எங்களுக்கே சொல்றாங்க.
எங்க ஓட்ட எண்ணி முடிக்கறதுக்கு முன்னால
ஜெயிச்சது ஆருன்னு டிவி சொல்லீருது.
நாங்க கோவமா இருக்கோம்னு ஒருத்தன் எழுதறான்,
வந்து கேக்காமயே.
கோவமாத்தான் இருக்கோம்.
ஆனா அவன் சொல்ற காரணத்துக்கு இல்ல."

எனக்கு எங்க மாமனார் ஞாபகம்.
ராத்திரி எட்டு மணிக்கு ஆறு பேரு
ஆறு கட்டத்துக்குள்ள கத்துவாங்க.
அவரு சத்தத்த அமத்தி வெச்சுட்டு வாய மட்டும் பாப்பாரு.
ஆருங்க மாமா ஜெயிக்கறாங்கன்னா
"வெளம்பரம்" ம்பாரு.

நொய்யல்ல நொர பொங்கி
ரோட்டுக்கு ஏறுன அன்னிக்கு
எங்க பேப்பர்ல மொதப் பக்கம் முழுசும்
சாயப்பட்டறைக்காரர் ஊட்டுக் கல்யாணம்.
ஏழாம் பக்கத்துல மழையளவு.
தெரிஞ்ச இங்கிலீசுல இதச் சொன்னேன்.
மார்லீன் சிரிச்சாங்க.
சிரிக்கறப்பவே வெரலு ரெண்டும்
மேல்சட்டப் பாக்கெட்டுல பேனாவத் தொளாவுச்சு.

வெளிச்சம் வந்துது.

செங்கல் நெறம். பதினாறாயிரம் பீஸ்.
எலக்சன் சரக்கு, அவங்க மாகாணத்துக்கேதான்.
நெஞ்சுல கொட்ட எழுத்து:
நம்ம மண்ணு, நம்ம வேல.
கழுத்துக்குள்ள, கட்டவெரல் அகலத்துல, மேட் இன் இந்தியா.
கிழிச்சா வர்ற லேபிள்.
ஆர்டர் தாள்ல ரெண்டு கோடு போட்டிருந்துது:
கிழிச்ச தடம் தெரியக் கூடாது.

பகல்ல பாஸ். கடையில பாஸ்.
ஊட்டு பல்புல
ஒரு இழ செவப்புத் தூக்கலாத் தெரிஞ்சுது.
பரவால்லன்னாங்க.
அப்புறம் அவங்களே லேபிளப் புடிச்சு இழுத்தாங்க.
சரக்.
ஒரு நூலு கூட நிக்கல.
எங்க தையக்காரி தெய்வானை
அந்தளவு நேக்கா வெச்சிருந்தா.

சும்மா இருந்திருக்கலாம். கேட்டுட்டேன்:
"மேடம், உங்க பேப்பர் இன்னும் இருந்திருந்தா
இது எத்தனாம் பக்கமுங்க?"

கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க,
எங்க சாம்பிள் துணியிலயே.
"ஊட்டுக் கடன் இன்னும் ஒம்பது வருசம் இருக்கு"ன்னாங்க.
கையெழுத்துப் போட்டாங்க.
லேபிளக் குப்பையில போடல,
கண்ணாடிக் கூட்டுக்குள்ள போட்டு மூடுனாங்க.
கோயமுத்தூருக்குக் கார் கெளம்புனப்ப
கைய ஆட்டுனாங்க. நானும் ஆட்டுனேன்.

ஐப்பசியில அங்க ஓட்டு.
மத்தியானச் சோத்து நேரத்துல போன்ல தேடிப் பாத்தேன்.
ஒரு பெரிய மண்டபம்.
செங்கல் நெறத்துல எரநூறு முந்நூறு பேரு
கைய மேல தூக்கிக்கிட்டு நிக்கறாங்க.
ஜெயிச்சாங்களா தோத்தாங்களா, மொகத்த வெச்சுச் சொல்ல முடியல.
கீழ எழுதியிருந்தத நான் படிக்கல.

மூணாவது வரிசையில நாலு பேரு
நெறம் மட்டும் ஒரு இழ தூக்கலு.
அது ரெண்டாவது லாட்டுங்க.
பாஸ் பண்ணுன சீட்டுல
மார்லீன் பேருக்குக் கீழ இருக்கறது
என்ற கையெழுத்து.