சுமைகூலி

டேட்டன் நகரின் வடக்கு ஓரத்தில்
மெத்தைக் கடை ஒன்று மூடிப்போன கட்டடம்.
அங்கேதான் எங்கள் அலுவலகம்.
வழக்கு முடிந்த பிறகு எங்கள் வேலை தொடங்கும்.
உறை கிழிக்கும் எந்திரம், பக்கத்தில் ஓடெட்,
ஓடெட்டின் பக்கத்தில் நான்.

ப்ரென்வில் பம்ப் நிறுவனத்தின் பங்குகளை
அந்தப் பதினேழு மாதத்துக்குள் வாங்கியவர்கள்
ரசீதோடு எழுதியிருக்கிறார்கள்.
பதினேழு மாதமும் கணக்கில் பொய் இருந்ததாம்.
நிறுவனம் ஆமென்று சொல்லவில்லை,
இல்லையென்று வாதாடி முடிக்கவும் இல்லை.
தவறேதும் ஒப்புக்கொள்ளாமல்
நான்கு கோடி டாலர் கொடுத்தது.

ஓரத்தில் எழுதாதீர்கள் என்று அச்சடித்திருக்கிறோம்.
ஓரத்தில்தான் எழுதுகிறார்கள்.
"வாங்கியவர் என் கணவர். மார்ச்சில் இறந்துவிட்டார்.
நான் கையெழுத்துப் போடலாமா?"
"மகளின் பல்லைச் சரிசெய்ய வைத்திருந்த பணம் இது."
ஒருவர் வெறுமனே, "திருடர்கள்."
முற்றுப்புள்ளி காகிதத்தைத் துளைத்திருந்தது.

வெண்டல் க்ராம்லிச், எழுபத்தொரு வயது,
பனி வாரும் லாரி ஓட்டியவர்,
கோடு போட்ட மஞ்சள் தாளைத் தனியாக இணைத்திருந்தார்:

"ஐயா, அல்லது அம்மா,
இருநூறு பங்கு வாங்கினேன். விற்கவில்லை.
இன்றும் என்னிடம்தான் இருக்கிறது.
அப்படியானால் எனக்கு வரும் பணத்தை
யார் தருகிறார்கள்?
பாதியைக் காப்பீட்டுக்காரன் தருவானாம்.
அடுத்த வருஷம் பிரீமியத்தை ஏற்றமாட்டானா?
மீதியை நிறுவனம் தரும்.
நிறுவனம் என்றால் நான்தானே,
கொஞ்சமாவது நான்தானே?
பொய் சொன்னவன் தன் பையிலிருந்து
ஒரு காசாவது தந்தானா
என்று மட்டும் தெரிவிக்கவும்."

இதற்குப் பதில் எழுத எங்களிடம் படிவம் கிடையாது.
ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தேன்.
இருபத்தொன்பதாம் பக்கம்.
தரவில்லை.

வக்கீல்களுக்கு மூன்றில் ஒரு பங்கு.
தபால், அச்சு, நிபுணர் சாட்சி,
இந்த மெத்தைக் கடையின் வாடகை,
ஓடெட்டின் சம்பளம், என் சம்பளம்
எல்லாம் போக,
நஷ்டப்பட்ட ஒவ்வொரு டாலருக்கும் நான்கு சென்ட்.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
சுமக்கிறவள் நான்.
கூலி வேண்டாமென்று சொல்லும் வசதி எனக்கில்லை.

"இதுவும் இல்லாவிட்டால்
இன்னும் துணிந்து பொய் சொல்வான்கள்,"
என்பாள் ஓடெட்.
"வழக்குப் போடாமல் அந்த மின்னஞ்சல் வெளியே வந்திருக்குமா?"
வால்வு ஒழுகுவதை ஏப்ரலுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.
ஐந்தே சொல்.
தோண்டி எடுக்க மூன்று வருஷம்.
நான் தலையாட்டுவேன், பாதி நம்பி.

நேற்று என் ஓய்வூதியக் கணக்கின்
காலாண்டு அறிக்கை வந்தது.
எறும்பு எழுத்தில் நீளமான பட்டியல்.
அதில் ப்ரென்வில் பம்ப்.
என்னைக் கேட்டு யாரும் வாங்கவில்லை.
ஆக, வெண்டல்,
உங்கள் காசோலையில் என் கால் காசும் இருக்கிறது.

பதினான்கு டாலர் அறுபத்திரண்டு சென்ட்.
அவர் பதிவுத் தபாலுக்குச் செலவழித்தது
எட்டு டாலர் எழுபது.

மஞ்சள் தாள்
'பொருந்தாத இணைப்புகள்' பெட்டிக்குப் போக வேண்டும்.
போட்டேன்.
பெட்டி நிறைந்து மூடி எழும்பி நின்றது.
நான் இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்க
ஓடெட் டேப் ஒட்டினாள்.