ஏழு சுற்று முடிச்சு

ஊசுடு ஏரிக்கு நடுவே ஒரு கோடு போகிறது.
இந்தப் பக்கத் தண்ணீர் புதுவை,
அந்தப் பக்கத் தண்ணீர் தமிழ்நாடு.
நாமக்கோழி ஒன்று
தலையை ஆட்டி ஆட்டி
இரண்டு சர்க்காரையும் கடந்துகொண்டிருந்தது.

நான் வாரத்தில் ஆறு நாள்
மேட்டுப்பாளையம் பேட்டையில் சோப்புப்பெட்டி எண்ணுகிறவன்.
ஏழாம் நாள்
கூடப்பாக்கத்துக்குப் பக்கத்துக் கரை,
மடக்கு நாற்காலி, பிளாஸ்க்,
மஞ்சள் தங்கூசி சுற்றிய ரீல்.
பிடிப்பேன், படம் எடுப்பேன், விட்டுவிடுவேன்.
விராலின் உதட்டில் சின்ன ஓட்டை
தானே ஆறிவிடும்
என்று தூண்டில் நண்பர்கள் எல்லோரும் சொல்வோம்.
எந்த விராலும் திரும்பி வந்து சொன்னதில்லை.

போன மாதம்தான் வனத்துறைக்கு மனு எழுதினேன்:
விடியுமுன் கண்ணி வைக்கிறார்கள்,
பறவைகளைச் சாக்கில் கொண்டுபோகிறார்கள்,
தக்க நடவடிக்கை வேண்டும்.
கையெழுத்துக்குக் கீழே
'இயற்கை ஆர்வலன்' என்று போட்டுக்கொண்டேன்.
யாரும் போடச் சொல்லவில்லை.

தை பிறந்து நாலாம் நாள்.
தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரத்தில்
கறுப்புத் துணி காய்வதுபோல் ஏதோ.
காற்றே இல்லை. துணி உதறிற்று.
பாம்புத்தாரா.
ஒரு இறக்கை மேலே, மற்றது தண்ணீரில்,
நீளக் கழுத்து மட்டும்
எழுந்து எழுந்து விழுந்தது.

எவன் வைத்த கண்ணியோ என்று
வாய்விட்டுத் திட்டிக்கொண்டே இறங்கினேன்.
இடுப்பளவு சேறு.
கையை நீட்டினேன், அது கண்ணைக் குறிவைத்தது.

"அங்கியே நில்லு சார்.
மூஞ்சிய அப்பால திருப்பு."
கோரைக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள்.
தோளில் சாக்கு.
சாக்கைக் கிளையில் மாட்டிவிட்டு
தலைத்துண்டை அவிழ்த்துப் பறவையின் முகத்தை மூடினார்.
ஒரு கையில் அலகு,
மறு கை இரண்டு இறக்கைகளையும்
விசிறி மடக்குவதுபோல் மடக்கிற்று.
சத்தமே இல்லை.
எத்தனை பறவை பிடித்த கை அது!

இறக்கைச் சவ்வில் தூண்டில் முள்.
அதிலிருந்து மஞ்சள் தங்கூசி.
பல்லால் கடித்துப் பார்த்தார்,
பிறகு பிளேடு எடுத்து அறுத்தார்.
முள்ளோடு வந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்து,
"நல்ல முடிச்சு சார். செத்தாலும் அவுராது."

ஏழு சுற்று.
எச்சில் தொட்டு இறுக்கி, கடைசியில் ஒரு மடிப்பு அதிகம்.
அந்த அதிகப்படி மடிப்பு
என் சொந்தக் கண்டுபிடிப்பு.
நண்பர்களுக்குச் சொல்லித்தந்ததுகூட இல்லை.

கரையில் விட்டதும்
நாலடி தள்ளிப் போய்
இறக்கைகளை அகல விரித்து நின்றது,
எங்களுக்கு முதுகைக் காட்டி.
"பொழைச்சிக்குமா?"
"பறந்தா பொழைச்சிது."
பீடி பற்றவைத்தார். பெயர் கேட்டேன். கலியவரதன்.
நல்ல மனசு உங்களுக்கு என்றேன்.
"மனசு இன்னா மனசு. மீன் வாடை சார் இத்துக் கறி.
ஒருத்தனும் வாங்கமாட்டான்."

கிளையில் மாட்டிய சாக்கு அசைந்தது.
இரண்டு இருக்கும். மூன்றுகூட இருக்கலாம்.
அவர் பார்த்தார், நான் பார்த்ததையும் பார்த்தார்.
செல்லில் வனக்காவலர் எண் இருக்கிறது.
எடுத்தேன்.
ஈரக் கட்டைவிரலைத் திரை ஏற்கவில்லை.
சட்டையில் துடைத்தேன், சட்டையும் ஈரம்.
"போடு சார், நான் ஓடல."
கேலியில்லை அந்தக் குரலில்.
பீடி முடியும்வரை நின்றார்.
அப்புறம் சாக்கை எடுத்துக்கொண்டு
பத்துக்கண்ணுப் பக்கமாக நடந்தார்.

அன்றைக்குத் தூண்டில் போடவில்லை.
கரை நெடுகக் குனிந்து குனிந்து
தங்கூசி பொறுக்கினேன்.
வெள்ளை, பச்சை, நீலம், யார் யாருடையதோ.
மஞ்சள் மட்டும் பதினோரு துண்டு.

பாம்புத்தாரா எப்போது போனது என்று கவனிக்கவில்லை.
பறந்ததா, நீந்தியதா,
கோரைக்குள் ஒதுங்கியதா, தெரியாது.

வண்டியில் திரும்பும்போது
சட்டைப்பைக்குள் அமுக்கி வைத்த தங்கூசி
மெதுவாக, மெதுவாக விரிந்து,
வில்லியனூர் வருவதற்குள்
விளிம்பைத் தாண்டி வெளியே வந்து
கழுத்தைத் தொட்டது.