மேடில்லாத பாதை

சமதரையில் நாற்பது நிமிடம் நடக்கச் சொன்னார்
எலும்பு டொக்டர்.
கண்டியில் இருந்துகொண்டு
அதை எழுதியும் தந்தார்.

சிட்டையை மடித்துக்கொண்டு
ஆஸ்பத்திரிப் படியிலேயே யோசித்தேன்:
எங்கள் வீட்டுக்கு நூற்றுப் பதினொரு படி.
கோயிலுக்கு ஏற்றம். சந்தைக்கு இறக்கம்,
திரும்பி வர அதுவே ஏற்றம்.
இந்த ஊரில் மட்டமான தரையைக் கண்டுபிடித்தது
ஆறு ஒன்றுதான்.

ஆகவே ஆற்றிடம் போனோம்,
நானும் பின்வீட்டுப் பவுஸியாவும்.
கெட்டம்பேயில் பஸ் இறங்கி
மகாவலி போகும் பக்கமே நடந்தோம்.
மேலே எங்கோ இரவு பெய்த மழை
எந்தத் தோட்டத்து மண்ணையோ கரைத்து
பால் தேத்தண்ணி நிறத்தில்
அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது.
நடைபாதையின் குறுக்கே கபரகொய்யா ஒன்று
தன் வாலைத் தானே மறந்துவிட்டு
வெயில் காய்ந்தது.
அது எழும்பும்வரை நின்றோம்.
டொக்டர் நிற்கக் கூடாதென்று சொல்லவில்லை.

முதல் நாள் எனக்குக் கைதான் தொல்லை.
முழங்கால் இல்லை, கை.
ஐம்பத்து நாலு வயதுவரை
எதையும் தூக்காமல் நடந்ததில்லை நான்.
கொழுந்து, விறகு, பிள்ளை,
டவுனுக்கு வந்தபிறகு
புடவைக்கடைத் துணிக்கட்டு.
வெறுங்கை இரண்டும் பக்கத்தில் தொங்கின,
யாரோ விட்டுப்போன சாமான்போல.
மறுவாரம் குடை எடுத்துப் போனேன்.
மழைக்கில்லை.

உடவத்தக்கலைக் காட்டில்
லேசான பாதைதான் என்றான்
டிக்கட் கிழித்த பையன்.
அவனுக்கு இருபது வயதிருக்கும்.
குளத்தைச் சுற்றினால் போதும் என்றோம்.
காதலர் நடை என்று அந்தப் பாதைக்குப் பெயராம்.
பவுஸியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்,
சிரிப்பை மறைக்க.
உள்ளே இருட்டுக்கூடப் பச்சை.
கீழே ஊர் அடிக்கும் ஹோர்ன்
இலைகளில் வடிந்து
கொஞ்சமாய், நல்ல பிள்ளையாய் வந்தது.
சவர்க்காரம் பூசிய காலிலும் அட்டை ஏறியது.
ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் பேர் வைத்து
பவுஸியா உப்புப் போட்டாள்.
மூத்த மதினிக்கு மட்டும் இரண்டு சிட்டிகை.

சனிக்கிழமை, பேராதனைப் பூங்கா.
மூன்று பக்கமும் ஆறு வளைத்துப் பிடித்த புல்வெளி.
என் முழங்கால் பேசாமல் வந்தது.
மரமுச்சியில் தலைகீழாய் வௌவால்கள்,
அடியில் குடைகளுக்குள் காதலர்கள்,
இரண்டு கூட்டமும் எங்களைக் கண்டுகொள்ளவில்லை.
இவ்வளவு நிலத்தில் கொழுந்து வைத்தால்
ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று
மனம் கணக்குப் போடத் தொடங்கியது.
பாதியில் விட்டேன்.
சும்மா கிடக்கும் நிலத்தைப் பார்க்க
கண்ணுக்கும் பழக்கம் வேண்டும்.

தொங்குபாலத்தில் ஒரு பலகை:
ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது.
நாங்கள் இரண்டே பேர்.
ஆனாலும் நடுவில் ஆடியது.
கம்பியைப் பிடித்துக்கொண்டு
தண்ணீரைப் பார்த்தபடி அவள் சொன்னாள்:
"கமலவேணி அக்கா,
எனக்கு எந்த டொக்டரும் நடக்கச் செல்லல்ல.
ஊட்டுல தனிய இருக்க ஏலாமத்தான்
உங்களோட வாறன்."

மகன் கட்டாருக்குப் போய் மூன்று மாதம்.
ஏணிப்படியில் அவன் சப்பாத்து
இன்னும் அப்படியே இருப்பதை
தினமும் கடந்துதான் நான் ஏறுகிறேன்.
ஒன்றும் கேட்டதில்லை.

என்ன சொல்வதென்று தெரியவில்லை.
குடையை நீட்டினேன்.
வாங்கிக்கொண்டாள்.
பாலம் ஆடி அடங்கும்வரை
யாரும் ஏறவில்லை.

நாற்பது நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது.
மூங்கில் ஓரமாய் இன்னொரு சுற்றுப் போனோம்.
திரும்பும் பஸ்ஸில்
என் கணுக்காலில் ஈரமாய் ஏதோ.
குனிந்து பார்த்த பவுஸியா
"மதினி" என்றாள்,
உப்புப் பொட்டலத்தைத் தேடிக்கொண்டே.