ஒன்பதாயிரம் மணித்தியாலம்

பன்னிரண்டு கான் கடல்.
முல்லைத்தீவுக் கரையில் முழங்கால் தண்ணியில் நின்று மொண்டது.
தண்ணீரூற்றுச் சந்தியில் பொலிஸ்காரன் மறித்து
"என்ன ஏத்துறாய்?" என்றான்.
"கடல்" என்றேன்.
மூடியைத் திறந்து மணந்து பார்த்தான்,
விரலை விட்டு நக்கியும் பார்த்தான்,
போ என்று கையைக் காட்டினான்.
ஒட்டுசுட்டான் வரும்வரைக்கும்
லாண்ட்மாஸ்டர் பெட்டிக்குள் அலையடித்துக்கொண்டே வந்தது.

நாலடிக் கண்ணாடித் தொட்டி. அதற்குள்
நீர்கொழும்பிலிருந்து பொலித்தீன் பையோடு
இரவு பஸ் ஏறி வந்த கோமாளி மீன் இரண்டு.
நிரோஜினி சொன்னாள்:
"குடிக்கிற தண்ணிக்கு ஊர் வரிசையில நிக்குது,
நீங்கள் உப்புத்தண்ணிக்கு வீடு கட்டுறியள்."

குடிக்கிற தண்ணிதான் என் வேலை.
பதினொரு ஊரில் பதினொரு சுத்திகரிப்பு நிலையம்.
சவ்வு மாற்றுவேன், பம்பி பார்ப்பேன்,
கடைசிக் குழாய்க்குள் இருக்கிற புற ஊதா விளக்கை
ஒன்பதாயிரம் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கழற்றுவேன்.
கழற்றுகிற நாளிலும் அது நன்றாகத்தான் எரியும்.
"எரியுது தானே தம்பி, பிறகேன்?" என்பார்கள்.
நீலம் கண்ணுக்கு.
கொல்லுறது கண்ணுக்குத் தெரியாதது,
அதுதான் முதலில் செத்துப்போகும் என்று
பதினொரு ஊரிலும் சொல்லியிருக்கிறேன்.

சொன்ன வாய்தான்.
கழற்றிய விளக்கொன்றைத் துணியில் சுற்றி
வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
கறுப்புக் குழாய், குவாட்ஸ் உறை, இரண்டு றப்பர் வளையம்,
மெல்ல ஓடவிட ஒரு சின்னப் பம்பி.
மெல்லத்தான் ஓட வேண்டும்; விரைந்து போகிற கிருமி
வெயிலில் ரோட்டைக் கடந்தவன் மாதிரி,
வேர்க்கும், சாகாது.
மூட்டு இடுக்கால் நூலளவு நீலம் கசிந்து
சுவரில் விழுந்தது.
நேரே பார்க்கக் கூடாத வெளிச்சம்.
சுவரைப் பார்த்தபடியே நித்திரையாகிப் போனேன்.

மூன்றாம் கிழமை பெரியது கல்லில் உரசியது.
செட்டையில் உப்புத் தூவியது போலப் புள்ளி.
எண்ணினேன்: ஏழு.
விடிய, எண்ண முடியவில்லை.

அந்தப் பூச்சிக்கு ஒரு நடப்பு உண்டு.
மீனில் ஒட்டித் தின்னும், உதிரும்,
மணலுக்குள் கூடு கட்டிக் கிடக்கும்,
பிறகு நூறாய்ப் பிரிந்து மீனைத் தேடி நீந்தும்.
நீந்துகிற அந்த ஒரு நாள்தான் விளக்குக்குத் தவணை.
மீனில் இருப்பதையும் மணலில் கிடப்பதையும்
நல்ல விளக்கே தொடாது.
என்னுடையதோ
நீலமாய் இருந்தது, அவ்வளவே.

பெரியது வெள்ளிக்கிழமை செத்தது.
நிரோஜினி ஒன்றும் சொல்லவில்லை,
கறிவேப்பிலைக்கு அடியில் தாட்டாள்.

சனிக்கிழமை ஏழாவது ஊர். பெயர் வேண்டாம்.
அற்புதராசாவின் கொப்பியைப் புரட்டினேன்.
விளக்கு: பத்தாயிரத்து எண்ணூறு.
சங்கத்தில் காசில்லை,
அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இரண்டரை மாதம்.
ஒவ்வொரு பக்கத்தின் கீழும்
'பரிசோதித்தேன்' என்று என் கையெழுத்து,
சாய்வாக, அவசரமாக,
நல்ல நீல மையில்.

வெளியே கான்கள் வரிசையாக.
ஒரு பிள்ளை குழாயிலேயே வாய் வைத்துக் குடித்தது.
மனிசருக்குச் செட்டை இல்லை, புள்ளி தெரிய.

பைக்குள் ஒரு புது விளக்கு இருந்தது.
வவுனியாவில், என் காசில், சின்ன மீனுக்கென்று வாங்கியது.
அளவு ஒன்றுதான், உறையும் ஒன்றுதான்.
துடைத்தேன், பூட்டினேன், மூடியில் திகதி எழுதினேன்.
"சங்கம் காசு தந்திட்டுதோ?" என்றான் அற்புதராசா.
பழையதன் நாலு முள்ளையும் குறட்டால் வளைத்தேன்,
இனி யாரும் அதை எதிலும் பூட்ட ஏலாது.

வீட்டில் சின்னது நீல வாளிக்குள் தனியே.
மணலை அள்ளி முற்றத்தில் காயப்போட்டிருந்தாள் நிரோஜினி.
கறன்ட் இல்லை.
டோர்ச் அடித்து, குனிந்து, கனநேரம் பார்த்துவிட்டு
"அஞ்சு புள்ளி. நேற்று ஆறு" என்றாள்.

எண்ணப் பிழைத்தும் இருப்பாள்.