கடைசிப் பதினாறு பக்கங்கள்

மருதானையில் நூற்றிருபது ரூபாவுக்கு வாங்கிய
துப்பறியும் நாவலில் கொலைகாரன் இல்லை.

இருநூற்று இருபத்துநான்காம் பக்கத்தில்
எல்லாரையும் விறாந்தையில் கூட்டிவைத்துவிட்டு
இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமுகிறார்.
அதன் பிறகு பின்னட்டை.

பதினாறு பக்கம் போனால்
ஒரு பாரம் போயிற்று என்பார்கள் அச்சகத்தில்.
எனக்கோ அது
இறக்கிவைக்க முடியாத பாரம்.
காப்புறுதிக் கம்பனியில்
யார் சொல்வது பொய் என்று பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிய
வெள்ளவத்தையில் ரயிலேறிப் போய்
லெஸ்லியிடம் சண்டை பிடித்தேன்.
"தோட்டக்காரன்தான் மிஸ்,
எப்பவும் தோட்டக்காரன்தான்" என்றார்.
அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.
அந்த நாவலில் தோட்டமே இல்லை.

தமிழ்ப் புத்தகங்களை அவர்
அட்டைப் படம் பார்த்து அடுக்கியிருந்தார்.
துவக்கு என்றால் இந்தப் பக்கம்,
பெண் முகம் என்றால் அந்தப் பக்கம்,
சாமிப் படங்களெல்லாம்
மழை படாத மேல் தட்டில்.

துவக்கு அடுக்கில் என் கொலைகாரனைத் தேடினேன்.
கிடைத்தது ஆபிரிக்கக் கிராமமொன்று.
துவக்கு ஒரே தடவைதான் வெடிக்கிறது,
அதுவும் கலியாண வீட்டில், வானத்தைப் பார்த்து.
மிச்சமெல்லாம் ஒரு குசினி, மூன்று மனைவியர்,
இராசவள்ளி மாதிரி ஏதோ கிழங்கு.
யார் முதலில் உரிப்பது என்பதில்
நாற்பது வருஷப் பகை.

பெண் முக அடுக்கில் எடுத்தவள்
பெண்ணே இல்லை, இயந்திரம்.
செவ்வாயில் வீடு வீடாய்ப் போய்
தண்ணீர் மீட்டர் வாசிக்கிறாள்.
ஒரு வீட்டில் மட்டும் கதவு திறப்பதில்லை.
எங்கள் தொடர்மாடிக்கு வரும் பொடியனுக்கு
அந்த மாதம் முதல்முறையாக
ஒரு பிளேன்டீ கொடுத்தேன்.

பிறகு நோர்வே.
சித்திரை மாதம், கறண்ட் இல்லாத இரவு,
ஃபோன் வெளிச்சத்தில் அறுபது பக்கம் பனி.
பனி, வெண்பனி, உறைபனி, பனிக்கட்டி என்று
மொழிபெயர்த்தவர் நாலு சொல்லோடு திண்டாடுகிறார்.
கழுத்து வியர்வையைத் துடைத்தபடி
அந்த மனுஷனுக்காகப் பரிதாபப்பட்டேன்.

அட்டையே இல்லாத ஒன்றை
எந்த அடுக்கிலும் வைக்க முடியாமல்
லெஸ்லி சும்மா தந்தார். சிங்களம்.
கவுண்டரில் பேசுகிற சிங்களம் எனக்குச் சரளம்.
வாசிக்கிற சிங்களம் விரல் வைத்துத்தான்.
விளங்காத சொல்லைக் கையில் எழுதிக்கொண்டுபோய்
மதியச் சாப்பாட்டில் துஷாரியிடம் கேட்பேன்.
"இது கடிதத்தில்தான் வரும், பேச்சில் வராது" என்பாள்.

அம்பலாந்தோட்டையில் ஒரு தாய்.
மகன் ஆமியில்.
தொண்ணூறாம் பக்கத்தில் அவன் வடக்கே வருகிறான்.
ஓர் எழுத்துப் பிழையோடு
எங்கள் ஊர்.
இயக்கச்சி.
அங்கே ஒரு கிணற்றடியில் தண்ணீர் குடிக்கிறான்.

எங்கள் ஊரில் எத்தனை கிணறு.

புத்தகத்தை மூடி
அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தேன்.
இரண்டு நாள் துஷாரி ஒன்றும் கேட்கவில்லை,
என் கையில் சொல் எதுவும் இல்லை.
மூன்றாம் நாள் இரவு திறந்தேன்.
அந்தத் தாய் அதே வாசலில்
அதே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தா.
முடியும்வரை வாசித்தேன்.
முடிவைப் பற்றி
இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் இன்னும் செருமியபடிதான் நிற்கிறார்.

நேற்றுக் காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடை வாங்கியபோது
சுற்றித் தந்த தாளை விரித்துப் பார்த்தேன்,
இப்போதெல்லாம் எதையும் விரித்துப் பார்க்கிறேன்.
யாரோ ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பி.
தொட்டி நிரம்புகிறது, ஓட்டையால் ஒழுகுகிறது,
எத்தனை மணிக்கு நிறையும்?
பிழை என்று டீச்சர் சிவப்பால் கீறியிருந்தா.
சரியான விடை எண்ணெயில் ஊறிப் போயிருந்தது.

இறால் தலையைக் கடித்தபடி
மனக்கணக்காய்ப் போட்டுப் பார்த்தேன்.
எனக்கும் அந்தப் பிள்ளையின் விடைதான் வந்தது.