சேரலாம்

கருங்கலில் மழை.
இன்வெர்ட்டர் இன்னும் நாற்பது நிமிடம் தாங்கும்.
கெர்னலின் நினைவகப் பங்கீட்டுக் கோப்பில்
ஆயிரத்து எண்ணூறாவது வரிக்குப் பக்கத்தில்
யாரோ எப்போதோ எழுதிவைத்த குறிப்பு:
"அடுத்தடுத்த காலித் துண்டுகள் ஒன்றாகச் சேரும்."

சேராது.
மூன்று நாளாய் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
நிரல் சரியாகத்தான் இருக்கிறது, வருடக்கணக்காய்.
பொய் சொல்வது அதன் தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஒற்றை வரி.
அதை நம்பி புனேயில் ஒரு பையன்
ஒரு வாரத்தைத் தொலைத்திருக்கிறான்.

எட்டுப் பக்கம் கேட்டால் பதினாறை உடைத்து
எட்டைக் கொடுக்கும், எட்டை வைத்துக்கொள்ளும்.
நாலு கேட்டால் அந்த எட்டையும் உடைக்கும்.
திரும்பி வருகிற துண்டு
பக்கத்தில் கிடக்கிற எதனோடும் ஒட்டாது.
தான் எதிலிருந்து உடைந்ததோ
அதன் மறுபாதியைத்தான் தேடும்.
முகவரியில் ஒரே ஒரு பிட்டைத் திருப்பிப் போட்டால்
மறுபாதியின் வாசல்.
காலியா, முழுசாகக் காலியா, அதே அளவா?
இல்லையென்றால்
பேசாமல் போய் தன் வரிசையில் நிற்கும்.

ரெஜின் கூப்பிட்டான்.
மார்த்தாண்டம் ரோட்டு மேல
பெட்ரோல் பங்குக்கு ஆள் வந்திருக்காம்.
இருபத்துநாலு சென்ட், ஒரே துண்டாக.
"உனக்க பன்னெண்டு, எனக்க பன்னெண்டு.
ஒண்ணா கெடந்ததுதான?"

ஒன்றாகக் கிடந்ததுதான்.
பாகபத்திரம் பதிந்த அன்று
என் பேனா எழுதாமல்
அவன் பேனாவை வாங்கித்தான் கையெழுத்துப் போட்டேன்.
இப்போது அவன் பாதியில்
ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின், புகைக்கூடு,
அதன் மேல் கூட்டுறவு வங்கிக் கடன்.
"அது ஒரு மூலையிலதான நிக்கு."
மூலை போதும், என்றேன்.
ஒரு பக்கம் பிடிபட்டிருந்தாலும்
அந்தப் பாதி காலி இல்லை.
"நீ என்னத்த பேசுத?" என்றான்.
அந்த நேரத்தில் எனக்கே சரியாகத் தெரியவில்லை.

குறிப்பைத் திருத்தினேன்.
முதல் வரைவு பதினோரு வரி, முழுப் பிரசங்கம்.
வெட்டினேன்.
"மிகவும் கவனிக்க" என்பதை எடுத்தேன்,
கவனிக்கிறவன் கவனிப்பான்.
படம் ஒன்று வரைந்திருந்தேன், கோடும் புள்ளியுமாய்;
அழகாக இருந்தது, அதையும் எடுத்தேன்.
மிஞ்சியது இவ்வளவு:

பக்கத்தில் இருப்பது போதாது.
ஒரே துண்டிலிருந்து பிரிந்த இரண்டும்
அதே அளவில், முழுதும் காலியாக இருந்தால்
சேரும்.

சரிபார்க்கிற டெல்ஃபியா உடனே பதில் எழுதினாள்:
"ஒதுக்கிவைத்த பகுதியில் அப்போதும் சேராதே?"
ஆமாம்.
கடைசிச் சொல்லுக்குள் கைவிட்டு
ஒரு எழுத்தை உருவி இரண்டை வைத்தேன்.
சேரலாம்.

நீக்கியது ஒரு வரி, சேர்த்தது நாலு.
நிரலில் ஒரு புள்ளியும் மாறவில்லை.
அதே வேகம், அதே எந்திரம்.
இன்வெர்ட்டர் கீச்சிட ஆரம்பித்தது.
அனுப்பிவிட்டு மூடினேன்.

நாளை காலையில்
டேப்பை எடுத்துக்கொண்டு வருகிறானாம் ரெஜின்,
மெஷினிலிருந்து என் எல்லைக்கல் வரை அளக்க.
வரட்டும்.
மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே.