கொட்டாப்புளி நாள்கள்

சுங்கை காடுட் மரக்கடையின் பின்புறம்
ஐந்து வெள்ளிக்குக் கிடைத்தது
ஒன்றரை முழச் செங்கால் மரத்துண்டு.
ஆணி ஓட்டை மூன்று, ஓரத்தில் காய்ந்த சிமெண்ட்.
பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
பக்கத்து இருக்கைக்காரர்
என்ன அது என்றார்.
இழைப்புளி என்றேன்.
இன்னும் ஆகவில்லை, ஆகும்.

ரொட்டி ஆலையில் எனக்கு இரவு வேலை.
காலை எட்டுக்கு ஈசூன் வீடு,
மாவு போகக் குளியல்,
பிறகு சமையலறைக்குப் பின்னால்
துணி காயும் மூங்கில் கழிகளுக்குக் கீழே
சலவை இயந்திரத்தின் மேல் ஒரு பலகை:
அதுதான் பட்டறை.
துணி துவைக்கும் நாளில் பட்டறைக்கு விடுமுறை.

முதலில் செய்தது கொட்டாப்புளி.
கொட்டாப்புளி செய்ய
ஒரு கொட்டாப்புளி வேண்டியிருந்தது.
சப்பாத்திக் கட்டையால் அடித்தேன்,
கட்டை பிளந்தது.

அடுத்து மூலைமட்டம்.
அதற்கும் இதே வழக்கு:
நேரான ஒன்று முன்பே இருந்தால்தான்
நேரான இன்னொன்று.
இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு.
பலகை விளிம்பில் அணைத்து ஒரு கோடு இழு,
மட்டத்தைப் புரட்டிப் போடு,
அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு.
என் கோடுகள் பிரிந்தன,
கத்தரி வாய் திறந்ததுபோல்.
பிழை மயிரளவு என்றால்
புரட்டிய கோடு அதை இரண்டு மயிரளவாகக் காட்டும்.
இவ்வளவு நேர்மையாக என்னைத் திட்டியவர் யாருமில்லை.
அரத்தால் இரண்டு தேய்ப்பு,
கோடு, புரட்டு, கோடு.
பதினாறாம் முறை
ஒன்றின்மேல் ஒன்று படுத்தன.

புதன்கிழமை, காலை பதினொன்று.
இழைப்புளிக்கு வாய் வெட்டிக்கொண்டிருந்தேன்.
கதவைத் தட்டினார்கள்.
கீழ்வீட்டு ரொஹானா.
நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்பட்டி,
கன்னத்தில் தலையணை மடிப்பு.
"காக், எனக்கு இப்போது நடுராத்திரி."
ஆஸ்பத்திரித் தாதி. அவளுக்கும் இரவு வேலை.
ஒரே இரவிலிருந்து இருவரும் திரும்பி வந்து
ஒரு கான்கிரீட் தட்டுக்குக் கீழே அவள் கண்ணை மூட,
மேலே நான் அடித்திருக்கிறேன்,
ஏழு மாதமாக.
மன்னிப்புக் கேட்டேன்.
என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.
"மீன் வெட்டுகிறீர்கள் என்று நினைத்தேன்.
தினமும் எவ்வளவு மீன்!"

கொட்டாப்புளியை ஆணியில் மாட்டினேன்.
உளியைத் தோளால் அழுத்திச்
சீவிச் சீவி எடுத்தேன்.
செங்கால் வயிரம் லேசில் இணங்காது.
ஒரு காலை முழுக்கச் சீவினால்
நகக்கண் அளவு ஆழம்.
அலகைச் செருகி ஆப்பு வைத்தால் வழுகியது,
எடுத்தால் வரவில்லை.
ஆப்பசைத்த குரங்கின் பாடு.

திங்கட்கிழமை
கதவிடுக்கில் ஒரு தாள்.
அவளுடைய இந்த மாத வேலை அட்டவணை.
சிவப்பு: தூங்குவேன்.
பச்சை: வீட்டில் இல்லை அல்லது விழித்திருப்பேன்,
அடித்துக்கொள்ளுங்கள்.
மூலைமட்டத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.
இந்தப் பட்டறையில்
என் கையால் செய்யாத கருவி அது ஒன்றுதான்.
காலையில் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்:
சிவப்பு நாளில் அரமும் சாணைக்கல்லும்,
பச்சை நாளில் துளையும் ஆப்பும்.

வியாழன், பச்சை.
பத்தரைக்குக் கொட்டாப்புளி இறங்கியது.
பன்னிரண்டு அடியில்
இரண்டு வாரச் சீவல் முடிந்தது.
அலகு, ஆப்பு, ஒரு தட்டு.
தள்ளினேன்.
முதல் சீவல் சுருண்டு எழுந்தது,
அதன் வழியே எதிர் புளோக் ஜன்னல்கள் தெரிந்தன.
இரண்டாவது தொண்டையில் அடைத்துக்கொண்டது.
வாய் இன்னும் நூலளவு திறக்க வேண்டும்.

அடிக்க ஓங்கினேன்.
கீழிருந்து சத்தம்:
டொக், டொக், டொக்.
ஓங்கிய கை அப்படியே நிற்க
அட்டவணையைப் பார்த்தேன்.
பச்சைதான்.
பிறகு ஜன்னல் வழியே ஏறி வந்தது
பெலாச்சான் வாசனை.
அவள் சம்பல் இடிக்கிறாள்.

நானும் அடித்தேன்.
அவளுக்கும் கீழே
யார் தூங்குகிறார்களோ தெரியவில்லை.